நந்தனத்தில் ஒரு ஜப்பானியப் பந்தி

சென்னை மாநகரின் அண்ணாசாலையில், தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே அமைந்துள்ளது நந்தனம். 1952இல் பிறந்த தமிழ் ஆண்டாகிய நந்தனவின் பெயரையே இக்குடியிருப்புக்கு மூதறிஞர் இராஜாஜி சூட்டினார் என்பர். 1920இல் தொடங்கப்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியின் விரிந்த திடல் இவ்வூரின் பழைய அடையாளம். 2018 மே மாதத்தில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் புதிய அடையாளம். இவ்விரயில் திட்டத்திற்குப் பெருந்தொகையைக் கடனாக வழங்கிய நாடு ஜப்பான்.

ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள உறவு இரயிலோடு தோன்றியதன்று. நந்தனத்திற்கு அருகிலுள்ள மயிலையில் 1545ஆம் ஆண்டு சில மாதங்கள் தங்கி, தோமையாரின் கல்லறையருகே செபித்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'டெம்புரா', நம் பஜ்ஜியின் உறவு. அதை ஜப்பானியருக்குக் கற்பித்தவர்கள் அந்நூற்றாண்டில் அங்குச் சென்ற போர்த்துக்கீசியர் என்பர்.

இன்று ஜப்பானிய உணவு உடல்நலத்திற்கு உகந்ததென நகரெங்கும் பேசப்படுகிறது. ஆயினும் இறக்குமதிப் பொருள்களின் விலையைக் கண்டதும், "இது நமக்கு எட்டாது" என்று இல்லத்தரசியர் திரும்பிவிடுகின்றனர். 50 பேருக்கு விருந்தென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அப்பொருள்களின் உடன்பிறப்புகள் நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டைக் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. பெயர்தான் வேறு.

ஜப்பானியச் சாறுகளுக்குச் சுவையூட்டுவது உலர்ந்த சூரை மீன். தூத்துக்குடிக் கரையோர மக்கள் நன்கறிந்த மாசிக்கருவாடு அதன் நெருங்கிய உறவு. எளிய ஜப்பானிய இல்லங்களில் அதற்குப் பதிலாக உலர்ந்த நெத்திலியையே இடுவர். 50 பேருக்கு ஏழரை லிட்டர் நீரில், உப்பிடாத நெத்திலிக் கருவாடு 150 கிராம் போதும். தலையையும் குடலையும் நீக்கிவிட்டால் கசப்பு வராது. அரைமணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிடம் இளந்தீயில் காய்ச்சி வடிகட்டி, சிறிது சோயா சாறு சேர்த்தால் தெளிந்த சாறு கிடைக்கும். புலால் உண்ணாதவர்க்கு உலர்ந்த காளானைக் கொண்டு தனிக்கலத்தில் இவ்வாறே செய்யலாம்.

சாற்றில் மிதக்கும் 'டோஃபு' என்பது சோயாப் பாலைத் திரித்துச் செய்த கட்டி. ஒரு கிலோ சோயாவை இரவு முழுதும் ஊறவைத்து அரைத்து, பாலை வடித்து, நன்றாகக் கொதிக்கவைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் திரியும். துணியில் கட்டிப் பாரம் வைத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கட்டி கிடைக்கும். எஞ்சும் சக்கையை எறிந்துவிட வேண்டாம். மறுநாள் அடைக்கு உதவும்.

சோற்றுக்கு 4 கிலோ பச்சரிசி போதும். சற்றுக் குழைய வடித்து, உப்புநீர் தொட்ட கையால் உருட்டி, வறுத்த எள்ளைத் தூவ வேண்டும். நம் வெப்பத்தில் சோறு விரைவில் கெடுமாதலால், பந்திக்குச் சற்று முன்பே உருட்டுவது நன்று. முள்ளங்கியையும் வெள்ளரியையும் மெல்லியதாக அரிந்து, உப்பிட்டுப் பிழிந்து, காடியும் சிறிது சர்க்கரையும் கலந்தால் அருமையான பச்சடி.

இனிப்புக்குக் கடற்பாசி. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசியிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. ஜப்பானியர் இதனைக் 'கான்டென்' என்பர். 4 லிட்டர் இளநீரைக் குழம்பாக்கி இறுகச் செய்ய 40 கிராம் போதும். பாசியைச் சிறிது நீரில் கொதிக்கவைத்து முற்றும் கரைத்து, இளநீருடன் கலந்து தட்டில் ஊற்றினால், குளிர்ப்பெட்டி இன்றியே உறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சோயா சாற்றில் உப்பு மிகுதி. ஜப்பானிலேயே உப்பைக் குறைக்குமாறு மக்களுக்கு நெடுங்காலமாக அறிவுறுத்தி வருகின்றனர். இரத்த அழுத்தமுள்ள பெரியோரின் கிண்ணத்தில் அதனைச் சொட்டுக் கணக்கில் விடுங்கள்.

ஒரு சாறு, சோறு, இரண்டு மூன்று துணையுணவு: இதுவே ஜப்பானியர் மரபுப்படி நிறைவான உணவு. வயிற்றில் எட்டுப் பங்கு நிரம்பியதும் கையை எடுத்துவிட வேண்டுமென்பது ஒகினாவாத் தீவினரின் பழக்கம். நம் விருந்துகளில் இலைகொள்ளாமல் பரிமாறுகிறோம். ஒரு பகுதி குப்பைத் தொட்டிக்குச் செல்கிறது.

அரசுகள் கடன் வாங்கினால் அடுத்த தலைமுறைக்கு இரயில் மிஞ்சுகிறது. பிள்ளையின் புதுநன்மைக்காகவும் பெற்றோரின் மணவிழா நினைவுக்காகவும் நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு மிஞ்சுவது எது? விருந்து முடிந்த பின்னும் முடியாத வட்டியே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமென்றனர் முன்னோர். வந்தவர் வயிறும் மனமும் குளிர, வீட்டாரும் அன்றிரவு கவலையின்றிக் கண்ணுறங்கினால் அதுவே நல்விருந்து. அடுத்த இல்ல விழாவுக்குப் பட்டியல் எழுதும்போது, ஒரு முறையேனும் இந்த எளிய பந்தியை எண்ணிப் பாருங்கள். மீதப்படும் பணத்தில் பங்கிலுள்ள ஏழைக் குடும்பம் ஒன்றையும் அழைத்து அமர்த்தலாமே!