சான்றிதழ் எடுக்கவா, விடவா?

யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சென்ற தை மாதம் என்னை ஆறு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது. நித்திரை நிறையக் குறைந்தது.

எங்கள் வேலை 'ஸ்க்ரம்' என்ற முறையில் நடக்கிறது. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி, இரண்டு கிழமைக்கு ஒரு துண்டை முடித்து, பாவிப்பவர்களுக்குக் காட்டித் திருத்திக்கொண்டு போவோம். இப்படியான முறைகளுக்கு 'அஜைல்' என்பது பொதுப்பெயர். 2001 இல் அமெரிக்காவில் 17 பேர் கூடி எழுதிய சிறு அறிக்கையால் பரவிய பெயர் அது. இன்று அதற்குச் சான்றிதழ்களும் விற்கிறார்கள்.

"சான்றிதழ் எடடி, இல்லாட்டி ஒருத்தரும் மதிக்க மாட்டினம்" என்றாள் கொழும்பிலுள்ள தோழி. விசாரித்தேன். ஸ்க்ரம் அலையன்ஸ் கொடுப்பதற்கு வகுப்புக்குப் போவது கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும். ஸ்க்ரம் டொட் ஓர்க் கொடுப்பதற்கு வகுப்பு தேவையில்லை. ஒரு மணித்தியாலத்தில் 80 கேள்விகள், 85 வீதம் எடுத்தால் சித்தி, காலாவதியும் இல்லை. வகுப்புக் காசு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

அம்மா சீட்டுக் காசை எடுத்து நீட்டினா. "எடு பிள்ளை. கடுதாசி இல்லாமல் நான் பட்டது போதும்."

அது எனக்குத் தெரியும். 2009 இல் மாத்தளனில் உடுப்புப் பையோடு அம்மாவின் சாதாரண தரச் சான்றிதழும் போயிற்று. முகாமிலிருந்து வந்தபின் முன்பள்ளியில் ஒரு வேலை இருந்தது. பிரதி எடுக்க அலைந்து முடிவதற்குள் அது வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து தையல் மெசின்தான். அந்தக் காசை வாங்க எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இதற்கிடையில் குழுவில் ஒரு பிரச்சினை. தினமும் காலையில் 15 நிமிடம் கூடுவோம். ஒரு தங்கச்சி நாலு நாளாக "முடியப் போகுது அக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் பார்த்தால், முதல் நாளே சிக்குப்பட்டு நின்றிருக்கிறாள். என்னிடம் சொல்லப் பயம்.

அன்றிரவு ஸ்க்ரம் கைந்நூலை வாசித்தேன். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதியது. 2020 ஆம் ஆண்டுப் பதிப்பு, பதினைந்து பக்கம்கூட இல்லை, இலவசம். காலைக் கூட்டம் வேலை செய்பவர்கள் தங்களுக்குள் பேசித் திட்டமிடுவதற்கு என்று இருந்தது. நானோ அதை இடாப்புக் கூப்பிடுவதுபோல நடத்தியிருக்கிறேன். (அந்த முறையில் 'தலைவி' என்று ஒரு பதவியே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது!)

மறுநாள் தொடக்கம் ஓரமாக இருந்தேன். ஒரு கிழமை போனபின் அந்தப் பிள்ளை பக்கத்திலிருந்தவளிடம், "இது எனக்கு விளங்கேல்லை, காட்டித் தாறியா?" என்றாள்.

வகுப்புக்கு இப்போது போவதில்லை என்று முடிவெடுத்தேன். வேலை மாறும்போதோ, வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும்போதோ சான்றிதழ் உதவும், அதை மறுக்கவில்லை. அப்போது காலாவதியில்லாததை என் சம்பளத்தில் எடுப்பேன். உங்கள் மகளும் புதிதாகத் தலைவியாகி இதற்கென்று நகையை அடகு வைக்கக் கேட்டால், முதலில் அந்தக் கைந்நூலை வாசித்து ஆறு மாதம் குழுவை நடத்தச் சொல்லுங்கள்.

சீட்டுக் காசில் மெசினுக்கு மோட்டர் போடச் சொன்னேன். அம்மா இன்னும் போடவில்லை. அலுமாரியில், என் பட்டச் சான்றிதழுக்குக் கீழே வைத்திருக்கிறா.