நெட் இல்லை, ஆனால் வலையமைப்பு இருக்கிறது

"எங்கட லேபில நெட் இல்ல சேர், கம்பியூட்டர் எல்லாம் சும்மாதான் கிடக்கு." கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நெட் இல்லாதது உண்மை. கணினிகள் சும்மா கிடக்கத்தான் காரணமில்லை.

வலையமைப்பும் இணையமும் ஒன்றல்ல. இரண்டு கணினிகள் தரவைப் பரிமாறினாலே அது வலையமைப்பு. உலகமெங்கும் உள்ள வலையமைப்புகளை ஒன்றோடொன்று தொடுத்தால் வருவதுதான் இணையம். நோன்பு காலத்தில் கஞ்சிக் கோப்பையை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க, மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் ஏறுகிறோமா?

தேவையானவை மூன்று.

1. கேபிள். ஒன்றின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது. லேபுக்கு அது தாராளம்.

2. சுவிட்ச். பாடப்புத்தகத்தில் ஆளி என்று படிப்பிக்கிறோமே, அதுதான். எந்தத் துளையில் எந்தக் கணினி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தரவை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும்.

3. ஐ.பி. முகவரி. முதல் கணினிக்கு 192.168.1.1, அடுத்ததற்கு 192.168.1.2 என்று கொடுத்துக்கொண்டு போங்கள். சப்நெட் மாஸ்க் எல்லாவற்றுக்கும் 255.255.255.0. 192.168 என்று தொடங்குபவை உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகள். யாரிடமும் அனுமதி கேட்கவோ காசு கட்டவோ தேவையில்லை.

ரவுட்டர் வேண்டியது வேறொரு வலையமைப்புக்குப் போகும்போதுதான்.

இனி ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு பிங் கட்டளை கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் கேபிள், சுவிட்ச்சில் எரியும் சின்ன வெளிச்சம், முகவரி, கடைசியாக விண்டோஸ் ஃபயர்வோல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தத் தேடலைப் பிள்ளைகளிடமே விடுங்கள். நட்சத்திர இடத்தியலைப் பாடமாக்கத் தேவையே வராது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் போனுக்கு வந்தபோது டேட்டா போட வசதியில்லாத பிள்ளைகள் வெளியே நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பிள்ளைகள் இப்போதும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஆசிரியர் ஒருமுறை வீட்டில் தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவரும் பாட வீடியோவையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஒரு கணினியில் போட்டு, அந்த ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டால் போதும். லேபில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரு சதமும் செலவில்லாமல் திறந்து பார்க்கலாம்.

நெட் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் லேபின் திறப்பை அலுமாரியில் வைக்காதீர்கள்.