கொலைக் கதைகளால் புகழ்பெற்ற அமைதியான ஊர்!

ஸ்வீடனின் தென்கோடியில், பால்டிக் கடலோரம் இருக்கும் சின்ன ஊர் ஈஸ்டாட். கல் பாவிய சந்துகள், மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் என அமைதியோ அமைதி. ஆனால், இங்கே வரும் பயணிகள் பலர் தேடுவது கொலை நடந்த இடங்களை!

காரணம், 'வாலாண்டர்'. எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் படைத்த இந்த போலீஸ் அதிகாரி, 1991-ல் நாவலில் அறிமுகமானார். ஸ்வீடன் தொடர்கள் போக, 2008-ல் பி.பி.சி-யும் கென்னத் பிரானாவை நடிக்கவைத்து இங்கே வந்து படமெடுத்தது. கதையில் வாலாண்டர் குடியிருக்கும் மரியாகாத்தான் தெரு, இன்று ரசிகர்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் இடம்.

மேகம் மூடிய வானம், ஆளில்லாத வயல்வெளி, தூக்கமில்லாத போலீஸ்காரர். 'நார்டிக் நுவார்' தொடர்களின் சாயலே இதுதான். ஆனால், பயமுறுத்துவது மட்டுமல்ல மான்கெலின் நோக்கம். ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர், சொந்த நாட்டில் அகதிகள்மீது வெறுப்பு வளர்வதைக் கண்டார். அதைச் சொல்லவே வாலாண்டர் பிறந்தார். முதல் கதையில் வயதான விவசாயத் தம்பதி கொல்லப்பட, சந்தேகம் வெளிநாட்டவர்மீது பாய்கிறது. கொலையாளி யார் என்பதோடு, விசாரணைக்கு முன்பே ஊர் யாரைக் கைகாட்டுகிறது என்பதும் அங்கே கேள்வி.

ஊர் நடுவே புனித மரியாள் தேவாலயம். இரவு 9.15 முதல் 1 மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை கோபுரத்திலிருந்து காவலர் நான்கு திசையிலும் கொம்பு ஊதுகிறார். 18-ம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வழக்கம் இது. 'தீ இல்லை, ஆபத்து இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்' என்று அதற்கு அர்த்தம்.

ராத்திரி தொடர் பார்த்துவிட்டுப் படுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்!