நடுவட்டத்தில் ஒரு வாடகை சைக்கிள்

"சித்தி, இங்கே பச்சைத் தடம் எது?" என்று கேட்டான் அக்கா மகன்.

துபாயில் வேலை பார்க்கிறவன். லீவு கிடைத்தால் ஹத்தா பக்கம் போய் மவுன்டன் பைக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவானாம். அங்கே வறண்ட மலைப் பாறைகளுக்கு நடுவே தடங்களுக்கு நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் புதியவர்களுக்கு, நீலம் ஓரளவு பழகியவர்களுக்கு, சிவப்பும் கறுப்பும் கைதேர்ந்தவர்களுக்கு. நாங்கள் நின்றதோ ஊட்டி - கூடலூர் சாலையில், பைக்காரா பக்கத்தில்.

"சுத்தி எல்லாமே பச்சைதான், ஓட்டு" என்றேன் அலட்சியமாக.

அலட்சியத்துக்குக் காரணம் உண்டு. நான் புதுக்கோட்டைக்காரி. 90களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட ஊர். மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவள் நான். அந்தச் செம்மண் சமவெளியில் பிரேக் எதற்கு? காலை ஊன்றினால் வண்டி நின்றுவிடும்.

காலையில் ஊட்டியில் சைக்கிள் எடுக்கும்போதே அவன் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டான். டயரை அமுக்கினான். எந்தக் கையில் முன் பிரேக், எந்தக் கையில் பின் பிரேக் என்று பார்த்தான். எனக்குக் கொடுத்த சைக்கிளில் பின் பிரேக்கைப் பிடித்தால் லிவர் ஹேண்டில்பார் வரை வந்து இடித்தது. "ஊருக்குள்ள ஓட்ட இது போதும் சார்" என்றார் கடைக்காரர். "நாங்க ஊருக்குள்ள ஓட்டலையே" என்றான் இவன். கேபிளைக் கொஞ்சம் இழுத்து முறுக்கிக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுமையில்லை. "போதும்டா, கிளம்பு" என்று சைக்கிள்களை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன்.

பைக்காராவிலிருந்து நடுவட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற சாலை. ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் தேயிலை. ஆறாயிரம் அடி உயரம் என்பதால் முதல் ஏற்றத்திலேயே இருவருக்கும் மூச்சு வாங்கியது. கியரைக் குறைத்து, அவசரப்படாமல் மிதித்தால் சமாளிக்கலாம். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்! வழியில் பிரியும் மண் பாதைகளைப் பார்த்தால் ஆசை வரும். வேண்டாம். காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். காட்டு மாடும் புலியும் உலவும் இடம் வேறு. தேயிலைத் தோட்டத்துச் சாலை என்றால் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நடுவட்டத்தில் டீ குடித்தபோதே நிறுத்தியிருக்கலாம். தவளைமலை காட்சி முனை கூடலூர் பக்கம் சில கிலோமீட்டர்தான் என்றதும் எனக்குத் துறுதுறுப்பு. "இறக்கம்தானே, மிதிக்கவே வேண்டாம்" என்று கிளம்பிவிட்டேன்.

முதல் இரண்டு வளைவு வரை சொர்க்கம். மூன்றாவதில் பின் பிரேக்கைப் பிடித்தேன், லிவர் மறுபடியும் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. முறுக்கிய கேபிள் நழுவிவிட்டது. முன் பிரேக்கை மட்டும் பலமாகப் பிடித்தால் தலைகுப்புறத் தூக்கிவிடும் என்று அவன் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. விட்டுவிட்டுப் பிடித்தேன். எதிரே பஸ் ஹாரன். வேறு வழி தெரியாமல் இடது பக்கம் மலையை ஒட்டிய புல் மேட்டில் சைக்கிளை ஏற்றிவிட்டேன். முழங்கால் சிராய்ந்தது, கை நடுங்கியது. வலது பக்கம் பள்ளம். ஊருக்குள் காலை ஊன்றுகிற புதுக்கோட்டை வித்தை அங்கே பலிக்கவில்லை.

அவன் வந்து ஒன்றும் சொல்லவில்லை. என் சைக்கிளை அவன் தள்ளிக்கொண்டான், அவனுடையதை நான். நடுவட்டம் வரை ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்படி நடந்ததால்தான் ஊரைப் பார்த்தோம். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தரும் சிங்கோனா மரங்களை 1860களில் வெள்ளைக்காரர்கள் இங்கே பயிரிட்டார்கள். அந்த வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த பழைய சிறை இன்னும் நிற்கிறது. இப்போது சுற்றிலும் இருக்கும் தேயிலையில் பெரும் பகுதி டேன்டீயுடையது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவான அரசு நிறுவனம் அது. கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த ஒரு அம்மா என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "எறக்கத்துல உருட்டிக்கிட்டுதான் போவணும் கண்ணு" என்றார்.

நீங்கள் போவதாக இருந்தால், சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். சீட்டை, உட்கார்ந்தபடி கால் தரையில் எட்டுகிற உயரத்தில் வையுங்கள். பைக்காராவிலிருந்து நடுவட்டம் வரை ஓட்டுங்கள். அதற்குக் கீழே ஜீப்பில் போங்கள்.

மாலையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். "அடுத்த ஆள் எடுக்கிறதுக்குள்ள கேபிளை மாத்திடறேங்க" என்றார் கடைக்காரர். அவர் மாற்றி முடிக்கும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு நானே லிவரைப் பிடித்துப் பார்த்தேன்.