ஆலைத் தோட்டத்துக்கு வழி

வழியைச் சொன்னவர் சின்னம்மா. தாளில் எழுதிக்கொண்டவள் நான். "சிம்பாங் அம்பாட்டைத் தாண்டினா சுங்கை பாக்காப் பட்டணம். அதுக்கப்புறம் பெரிய ரோட்டிலேயே போ. மைல் கட்டை வரும். கட்டைக்குப் பக்கத்திலே தவுக்கே கடை. எதிரே ஆலமரம். ஆலமரத்தை ஒட்டி மண் ரோடு. உள்ளே போனா பால் ஸ்டோரு, ஆயாக்கொட்டகை, அப்புறம் நம்ம லயம். ஆறாவது வீடு." சொல்லி முடித்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்துகொண்டு போனவளின் கதை இது.

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. 1950-இல் ஆலைத் தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்புக்குப் பத்திரம் இல்லை. பதிந்துவிட்டேன் என்று தாத்தா கடைசி வரை சாதித்தார்; பதிந்த தாளை யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது லயத்துப் பிள்ளைகள் பலருக்கு நீலம், இவருக்குச் சிவப்பு. இன்று வரை அதே சிவப்புதான். பிறந்தது இந்த மண்ணில், பால் மரம் வெட்டியது இந்த மண்ணில், கணவருக்குக் கொள்ளி வைத்ததும் இந்த மண்ணில். இருந்தும் தேர்தல் நாளன்று நாங்கள் எல்லாரும் விரலில் மையோடு திரும்பி வரும்போது அவர் மட்டும் வீட்டில் எங்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பார். "எங்கே, விரலைக் காட்டுங்க பார்ப்போம்" என்று ஒவ்வொருவர் விரலையும் பிடித்துப் பார்ப்பார். அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சென்ற ஆண்டு மறுபடியும் மனுப் போட்டோம். இவர் இங்கேதான் பிறந்தார் என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி, அதுவும் நீல அட்டை உள்ளவர், ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். இல்லையென்றால் தோட்டத்துப் பழைய தாள் ஏதாவது வேண்டும். வியாழக்கிழமை தவணை. அம்மா இருந்திருந்தால் கவலை இல்லை. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. யோசித்து யோசித்துச் சின்னம்மா ஓர் ஆளைச் சொன்னார். ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்த அக்கா. சின்னம்மா பிறந்த இரவில் வெந்நீர் சுமந்தவர். அவர் இன்னும் "அந்தப் பக்கம்தான்" இருக்கிறார் என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்களாம். "அந்தப் பக்கம்" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த முழு முகவரி!

மகனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட். சின்னம்மாவுக்கு முழங்கால் வலி. காரில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ஆகவே ஐப்பசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, நானும் என் பழைய கஞ்சில் காருமாகப் புறப்பட்டோம்.

முன்பெல்லாம் அக்கரைக்குப் போவதென்றால் காரை ஃபெரியில் ஏற்றிவிட்டுக் கடல் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். 2021 ஜனவரி முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. 1985-இல் திறந்த பாலத்து வழியே போனேன். எதிர்ப்பக்கம், தீவுக்கு வேலைக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் எறும்புச் சாரியாக ஊர்ந்தன. என் பக்கம் தாராளம். டோல் கூடத் தீவுக்குள் வருகிறவர்களுக்குத்தான். வெளியே போகிறவர்களுக்கு இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். என்ன செய்வது, அப்படி நினைத்தேன்!

சுங்கை பாக்காப்பில் ஒரு கடையில் பசியாறினேன். தோசை கொண்டுவந்த பையனிடம் கேட்டேன்.

"ஆலைத் தோட்டமா? இங்கிலீஷ்லே என்னா பேரு ஆண்ட்டி?"

"தெரியலையே தம்பி."

அவன் தன் கைப்பேசியில் தட்டிப் பார்த்து ஒரு செம்பனை ஆலையைக் காட்டினான். "இதுவா பாருங்க." அது இல்லை. அந்த ஆலை வேறு, இந்த ஆலை வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று. நம்மவர்கள் வழங்கிய பெயர் இன்னொன்று. அவன் ஊர்ப் பெயர் நம் பாட்டன்மார் வாயில் நுழையவில்லை. ஜார்ஜ் டவுனிலேயே வாட்டர்பால் நமக்குத் தண்ணீர்மலை. மார்க்கெட் ஸ்திரீட் நமக்குக் கடைத்தெரு. ஆலைத் தோட்டத்து ஆலையோ கரும்பாலை. ரப்பர் வருவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டில், செபராங் பிறையில் கரும்புதான் பெரும் பயிர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்படுவதற்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அந்த ஆலையை என் தாத்தாவே பார்த்ததில்லை. பெயர் மட்டும் வாய்க்கு வாய் நின்றது. வாயில் நின்ற பெயர் படத்தில் இருக்குமா?

மறுபடியும் ரோட்டுக்கு வருகிறேன். சின்னம்மா சொன்ன மைல் கட்டை எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது கிலோமீட்டர் கணக்கு. ரோட்டை அகலப்படுத்தியதில் ஆலமரம் போயிருக்க வேண்டும். தவுக்கே கடை இருந்த இடத்தில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? ஆகவே இடப்பக்கம் பிரிந்த ஒவ்வொரு சிறு ரோட்டிலும் நுழைந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதல் ரோடு புதிய வீடமைப்பில் போய் முடிந்தது. இரண்டாவது ஒரு கோழிப் பண்ணையில். மூன்றாவதில் சங்கிலி போட்ட கேட்டும், அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு ஓர் இளைஞனும். மலாயில் கேட்டேன். "தெரியாது மேடம், நான் வந்து எட்டு மாசம்தான்" என்றான். வங்காள தேசத்துப் பிள்ளை. ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, தான் வேலை செய்யும் இடத்தின் பெயர் சரியாக வாயில் வராமல் உட்கார்ந்திருந்தான். நான் யாரைத் தேடி வந்தேனோ அவர்களே எதிரில் உட்கார்ந்திருப்பது போல் ஒரு நிமிடம் தோன்றியது.

அடுத்து ஒரு மலாய் அம்மா, பழத்தட்டுப் போட்டிருந்தவர். "பழைய தோட்டமா? தெரியுமே!" என்று உற்சாகமாக வழி சொன்னார். இடம், வலம், நேரே, மறுபடி இடம். நிபோங் திபால் பக்கம் அரை மணி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அது கலிடோனியா தோட்டத்துத் தொண்ணூற்றொன்பது கதவு பங்களாவுக்குப் போகிற வழி! 1948-இல் தோட்ட முதலாளி சுட்டுக் கொல்லப்பட்ட பங்களா அது. பேய் இருக்கிறது என்று சொல்லி இளவட்டங்கள் ராத்திரியில் படம் பிடிக்க வருகிறார்களாம். அங்கே எதிர்ப்பட்ட ஒருவர், "நீங்களும் பேய் பார்க்கவா?" என்று சிரித்தார். முதலாளி பங்களாவுக்கு ஊரெல்லாம் வழி தெரிகிறது. லயத்துக்கு வழி கேட்டால்தான் ஆளில்லை.

எரிச்சலில் ஒரு சந்தைத் தவறவிட்டுக் கிரியான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். பார்த்தால் பாரிட் புந்தார், பேராக் மாநிலம். திரும்புகிறேன் என்று எங்கோ திரும்பி மறுபடி ஆற்றைக் கடந்தால் பண்டார் பாரு, கெடா மாநிலம். சற்று நேரத்தில் மூன்று மாநிலம் பார்த்தாயிற்று. ஆலைத் தோட்டத்தை மட்டும் காணோம். கைப்பேசிப் பெண்மணி வேறு, திரும்பு திரும்பு என்று ஆங்கிலத்தில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கேடி திரும்புறது?" என்று சத்தம் போட்டேன். தனியாகக் கார் ஓட்டுவதில் இது ஒரு வசதி, யாரும் கேட்கமாட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. சுங்கை பாக்காப் பக்கம் திரும்பி, செம்பனைக்குள் போன ஒரு மண் ரோட்டில் இறங்கினேன். கால் மைல் போயிருப்பேன், முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. கைப்பேசியில் கோடு இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். சுற்றிலும் செம்பனை, ஒரே மாதிரி நிரை, ஒரே மாதிரி இருட்டு. அறுபது வயதில் இது தேவையா என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. அழுகையும் வந்தது. மழையில் எது அழுகை, எது மழை?

முக்கால் மணி கழித்து, குலை ஏற்றப் போன டிராக்டர் ஒன்று வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள், இந்தோனேசியப் பிள்ளைகள். மட்டையை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள்.

பெரிய ரோட்டுக்கு வந்து, மழை விடட்டும் என்று ஒரு சிறு முனியாண்டி கோயிலின் தகரக் கூரைக்கு எதிரே காரை நிறுத்தினேன். கோயிலுக்குள் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒதுங்கியிருந்தார். மோட்டார் சைக்கிளில் மாட்டுக்குப் புல் கட்டு.

"அண்ணே, ஆலைத் தோட்டம்னு..."

"இதுதாம்மா ஆலைத் தோட்டம்" என்றார் அவர். "காலையிலேருந்து மூணு தடவை இந்தக் காடி இப்படியும் அப்படியும் போச்சு, பார்த்தேன். வீடு வாங்க வந்தவங்கன்னு நெனைச்சேன்."

மூன்று தடவை! நான் முதலில் நுழைந்து திரும்பிய அந்தப் புதிய வீடமைப்புதான் லயம் இருந்த இடம். ஆலமரத்தடி முனியாண்டியை மட்டும் மரம் போன பிறகும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். ஆறாவது வீட்டைக் காட்டச் சொன்னேன். மழையில் நனைந்தபடி வந்து, வீடமைப்பின் ஓரத்தில் ஒரு மின்சாரப் பெட்டியைக் காட்டி, "இந்தாண்டை இருக்கும்" என்றார். அவருக்கும் உறுதி இல்லை.

ஆயாக்கொட்டகை அக்காவைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பெரியம்மாவா? இருக்காங்களே! ஜாவி பக்கம் மக வீட்டிலே." முன்னால் மோட்டார் சைக்கிளில் அவர் போக, பின்னால் நான் போனேன். அன்றைக்கு வழி தவறாமல் போனது அந்த ஒரு பயணம்தான்.

பெரியம்மாவுக்கு எண்பத்தேழு வயது. காது மந்தம், நினைவு கூர்மை. நான் அம்மாவின் பெயரைச் சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கேட்பதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஒன் சின்னம்மா பொறந்தன்னைக்கும் இதே மழைதான். எனக்குப் பதிமூணு வயசு. ஒங்க பாட்டிக்கு நடுராத்திரி வலி எடுத்துருச்சு. மருத்துவச்சி கெழவி மேட்டு லயத்திலே. நான்தான் சாக்கைத் தலையிலே போட்டுக்கிட்டு ஓடிக் கூட்டியாந்தேன். பெரட்டுக்கு மணி அடிக்கிறதுக்கு முன்னாடி பொறந்துச்சு. மழையிலே மரம் வெட்டு இல்லே. அரைப் பேராவது கெடைக்கும்னு ஒங்க தாத்தா கோணியை மாட்டிக்கிட்டுக் காட்டு வேலைக்குப் போயிட்டாரு."

என் கைப்பையில் பாரம் தயாராக இருந்தது. கையெழுத்து வேண்டாம், பெருவிரல் ரேகை போதும். "பெரியம்மா, இதை வியாழக்கிழமை வந்து ஆபீஸ்லே சொல்லணும். நானே காரிலே கூட்டிப் போறேன்" என்று காதருகே சத்தமாகச் சொன்னேன்.

"வராம? எங்கே வேணாலும் வாறேன்" என்றவர், மகளைக் கூப்பிட்டு மைலோ டப்பாவை எடுத்து வரச் சொன்னார். அதில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்த அடையாள அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

சிவப்பு.

நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து மகள் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா மட்டும், "என்னா புள்ள, நாளாயிருச்சா? படம் சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "நல்லாத்தான் இருக்கு பெரியம்மா" என்று திருப்பிக் கொடுத்தேன். வேறு என்ன சொல்வது?

தேத்தண்ணி வந்தது. புறப்படும்போதுதான் மோட்டார் சைக்கிள் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். தோட்டத்துப் பழைய கிராணியின் மகன் தைப்பிங்கில் இருக்கிறாராம். அப்பா வைத்திருந்த செக்ரோல் புத்தகங்கள் இரண்டு மூன்றை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதாகக் கேள்வி. "புள்ளை பெத்தவங்களுக்குக் காசு கொடுக்கணுமில்லே, அதிலே எழுதியிருப்பாங்க." எந்த வருடத்துப் புத்தகம் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது பத்து காவான் வழியாக இரண்டாவது பாலத்தைப் பிடித்தேன். அதுவும் ஒரு காலத்தில் தோட்டக் காடுதான். இப்போது தொழிற்சாலை, விளையாட்டரங்கம், மரச்சாமான் விற்கும் பெரிய கடை, அங்கிருந்து கடலைத் தாண்டிப் போகும், மொத்தம் 24 கிலோமீட்டர் நீளப் பாலம். டோலில் அட்டையை நீட்டினால், ஏழு வெள்ளிக்கு நான்கு வெள்ளிதான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். அன்றைக்கு அதற்கெல்லாம் கோபப்பட என்னிடம் தெம்பு மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. சின்னம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"ஆலமரம் இருக்கா?"

"இல்லே சின்னம்மா. முனியாண்டி இருக்காரு."

"நம்ம வீடு?"

"மழையிலே சரியாத் தெரியலே."

"அக்கா?"

"இருக்காங்க. நீங்க பொறந்தன்னைக்கு நல்ல மழையாம். பெரட்டுக்கு முன்னாடியாம்."

"அப்படியா?" என்றார் சின்னம்மா. எழுபது வயதுக்கு மேல் ஆகி, தான் பிறந்த நேரத்தை முதல் முறையாகக் கேட்கிறார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அப்புறம் எனக்குச் சோறு போட்டார்.

வியாழக்கிழமை போய் இன்னொரு தவணை கேட்டு வாங்கி வந்தேன். கூடவே, இன்னொருவருக்காகப் புதிய மனுப் பாரமும் ஒன்று கேட்டேன். சின்னம்மா சொல்லி நான் எழுதிய அந்தத் தாளின் பின்பக்கத்தில் இப்போது தைப்பிங் வழி இருக்கிறது. வீட்டு எண்ணும் தெருப் பெயருமாக எழுதி வாங்கியிருக்கிறேன். மகனை ஒருநாள் லீவு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.