வீட்டை இடையில் விடும்போது

எங்கள் பக்கத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோகும் அன்று நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சுவார்கள். வீட்டுக்காரரும் வந்து ஒரு மிடறு குடித்துவிட்டுத் திறப்பைக் கையில் தருவார். அந்த வேளையில், "நாங்கள் இடையில் எழும்ப வேண்டி வந்தால் முற்பணம் என்னவாகும்?" என்று கேட்பது அபசகுனம் என்று நினைக்கிறோம். அதனால் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. எழும்ப வேண்டிய நாள் வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது இரண்டு பக்கத்திலும் மனம் கசந்து போயிருக்கும்.

மட்டக்களப்பில் வாடகைக்கு இருப்பது பலருக்குப் பழகிய வாழ்க்கை. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக நகரப் பக்கம் வந்து வீடு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசெம்பர் 26 கடல்கோளில் நாவலடியிலும் கல்லடியிலும் வீடிழந்தவர்களில் சிலர் பின்னர் வாடகை வீடு தேடினார்கள். 2007 இல் போரினால் படுவான்கரை மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்து வந்தார்கள். இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர்களும் உண்டு. இவர்களில் எவருக்கும் எவ்வளவு காலம் இருப்போம் என்பது நிச்சயமில்லை. ஆனாலும் கடுதாசியில் இரண்டு வருடம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறோம்.

வீட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சிறிதாக ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு எழும்ப வேண்டும். அந்த வீட்டுக்கான சீமெந்தும் ஓடும் பல சமயம் வாடகைக்காரர் கொடுக்கும் முற்பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. ஆகவே வீட்டுக்காரரும் ஒரு பெண், வாடகைக்கு இருப்பவரும் ஒரு பெண் என்பது இங்கு அடிக்கடி நடப்பது. இருவரும் மாமி, மகள் என்று அழைத்துக்கொள்வார்கள். அந்த உறவுப் பெயரால் கணக்கைப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

என் விடயம் 2022 இல் நடந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் கல்லடியில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியை எடுத்தேன். அம்மாவும் என் சிறு மகளும் என்னோடு இருந்தார்கள். வாடகை மாதம் 15,000 ரூபா. முற்பணம் ஆறு மாத வாடகை, 90,000 ரூபா. வீட்டுக்காரர் கணவரை இழந்தவர், கீழே குடியிருந்தார். நான் அவரை மாமி என்றே அழைத்தேன். முத்திரை ஒட்டி, ஒரு சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்தோம். காலம் இரண்டு வருடம். "காலம் முடியுமுன் விலகினால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியும் அதில் இருந்தது.

என் வேலை மண்முனைப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில். 2014 இல் அந்தப் பாலம் திறக்கப்பட்ட பிறகு போய்வருவது சிரமமாக இருக்கவில்லை. ஆனால் 2022 இன் நடுப்பகுதியில் பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலையத்தின் முன் இரவு முழுக்க வரிசை. பின்னர் கியூஆர் முறை வந்தபோது முதலில் ஸ்கூட்டிக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. சாமான் விலையோ நாளுக்கு நாள் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம் என்று அறிவித்தார்கள். அலுவலகத்துக்கு அருகே 9,000 ரூபாவுக்கு ஒரு சிறிய வீடு இருந்தது. கணக்குப் பார்த்தேன். எழும்புவதைத் தவிர வழியில்லை.

ஜூலை மாத முடிவில் மாமியிடம் போய்ச் சொன்னேன். ஓகஸ்ட் முழுவதும் வாடகை கட்டுவேன், மாதம் முடிய வீட்டை விடுகிறேன் என்று எழுத்திலும் கொடுத்தேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு கையில இல்ல மகள். சின்னவள்ற வீட்டுக் கூரைக்குப் போயிற்று. கடுதாசியிலயும் அப்படித்தானே கிடக்கு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கூரை என் கண்முன்னேதான் போடப்பட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சட்டத்தரணியிடம் கடுதாசியைக் காட்டினேன். அவர் விளக்கியது எங்கள் பெண்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட வேண்டும். அப்படி எழுதாவிட்டால் இரண்டு வருடம் என்ற பேச்சுக்குச் சட்டத்தில் வலு இல்லை. குடியிருந்து மாதாமாதம் வாடகை கட்டி வந்தால் அது மாத வாடகையாகவே கொள்ளப்படும். ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து எந்தப் பக்கமும் அதை முடிக்கலாம். வீட்டுக்காரர் முடிப்பதற்கு மட்டும், 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளில் மேலும் கட்டுப்பாடுகள் உண்டு.

நொத்தாரிசு எழுதிய உறுதி என்றால் கதை வேறு. அதில் குறித்த காலம் இருவரையும் கட்டும். இடையில் விலகுபவர், வீடு வெறுமையாகக் கிடந்த காலத்தின் நட்டத்துக்குப் பொறுப்பாகலாம். ஆனால் வேறொருவர் வந்து வாடகை கட்டத் தொடங்கிய பிறகும் அதே மாதங்களுக்குப் பழையவரிடம் நட்டம் கேட்பது நியாயமாகாது. "ஆகவே எழும்புகிறவர் சும்மா போகாமல் அடுத்த ஆளைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போனால் இருவருக்கும் நல்லது" என்றார் அவர். எங்கள் முத்திரைக் கடுதாசி பயனற்றதா என்று கேட்டேன். "இல்லை, 90,000 ரூபா கைமாறியதற்கு அதுதான் சாட்சி, பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்.

சட்டம் என் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் மனம் சற்று நிமிர்ந்தது உண்மை. ஆனால் மாமியின் பெட்டியில் காசு இல்லை என்பதும் உண்மை. வழக்குப் பேசினால் அது வரப்போவதில்லை. அவருடைய மூத்த மகளையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் கணக்கை எழுதினோம். அடுத்த ஆள் வரும்வரை வெறுமையாகக் கிடக்கும் ஒரு மாதத்துக்கு 15,000 ரூபா. சுவருக்குப் பெயின்ற் அடிக்க 5,000 ரூபா. இரண்டையும் கழித்தால் எனக்கு வர வேண்டியது 70,000. திறப்பைக் கொடுக்கும் நாளில் 20,000, ஒக்டோபரிலிருந்து மாதம் 10,000 வீதம் ஐந்து தவணை. இருவரும் கையெழுத்து வைத்தோம். ஒக்டோபரில் புதிய குடும்பம் ஒன்று வந்தது. கடைசித் தவணை 2023 பெப்ரவரியில் என் கைக்குக் கிடைத்தது.

ஆனாலும் எனக்குச் செலவு 20,000 ரூபாவோடு முடியவில்லை. பழைய முற்பணம் வருமுன் புதிய வீட்டுக்கு மூன்று மாத முற்பணம் 27,000 கொடுக்க வேண்டியிருந்தது. சாமான் ஏற்ற லொறிக்கும் காசு வேண்டும். சங்கிலியை அடகு வைத்தேன். வட்டி ஏறியிருந்த ஆண்டு அது. வீடு மாறும்போது இரண்டு முற்பணத்தையும் ஒரே நேரத்தில் சுமப்பது யாருடைய கடுதாசியிலும் எழுதப்படாத செலவு. அதைச் சுமப்பது பெரும்பாலும் பெண்ணின் கழுத்தில் கிடப்பதுதான்.

சிலர் வேறு வழி எடுக்கிறார்கள். "அட்வான்சில கழியுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆறு மாதமும் வாடகை கட்டாமல் இருந்துவிட்டு எழும்புகிறார்கள். வாடகையை நம்பி அடுப்பெரிக்கும் ஒரு விதவைத் தாய்க்கு ஆறு மாதம் வருமானமில்லை. போனவர் மின்கட்டணப் பாக்கியும் வைத்துவிட்டுப் போயிருந்தால் கேட்கவும் ஆள் இல்லை. மறுபக்கத்தில், முற்பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்து, சாமானை வெளியே எடுக்க விடாமல் கேற்றைப் பூட்டும் வீட்டுக்காரர்களும் உண்டு. இரண்டும் அநியாயம்.

ஜேர்மனியில் இருக்கும் என் சித்தியின் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் வியந்தாள். அங்கே கால எல்லை குறிக்காத வாடகை என்றால் குடியிருப்பவர் மூன்று மாத அறிவித்தலோடு விலகலாம். முற்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதைவிட முக்கியமானது, வீட்டுக்காரர் அந்தக் காசைத் தன் சொந்தக் காசோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இங்கே அந்தக் காசு இன்னொரு வீட்டின் கூரையாகிவிடுகிறது. எங்கள் சிக்கலின் வேர் அதுதான். முற்பணம் குறைவாக இருந்தால் திருப்பிக் கொடுப்பதும் இலகு. ஆகவே ஆறு மாதம் கேட்பவரிடம் இரண்டு மாதத்துக்குப் பேசிப் பார்ப்பது வெட்கமான காரியமல்ல.

பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை இது. அங்கே தீர்ப்புச் சொல்வதில்லை, இருவரையும் இருத்தி இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். சட்டத்தரணிக்குக் காசு கட்டத் தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இனி வீடு எடுக்கும் சகோதரிகளும் வீடு கொடுக்கும் சகோதரிகளும் முதல் நாளே சில வேலைகளைச் செய்துகொள்ளுங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். மின்மானியின் இலக்கத்தையும் தண்ணீர்மானியின் இலக்கத்தையும் குறித்து வையுங்கள். சுவர், கதவு, குழாய் இருந்த நிலையைத் தொலைபேசியில் படம் எடுத்து இருவரும் வைத்திருங்கள். அத்தோடு கடுதாசியில் இந்த வரிகளையும் சேருங்கள்:

"குறித்த காலத்துக்கு முன் விலக விரும்புபவர் ஒரு முழு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்பார். அதற்காக ஒரு மாத வாடகைக்கு மேல் கழிக்கப்படமாட்டாது. பாக்கிக் கட்டணங்களும் சேதங்களும் கழித்து மிகுதி முற்பணம், திறப்பு ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்கப்படும்."

எழுத ஐந்து நிமிடம் போதும். அப்படி எழுதக் கேட்டதற்காக எந்த மாமியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அவருக்கும் அது பாதுகாப்புத்தான்.