மருமகன் பைலட் ஆகப் போறான்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க அக்கா வீட்டுக்கு வந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, அத்தானோடு சண்டை. இரண்டு, என் பேங்க் உத்தியோகத்தால் ஆக வேண்டிய காரியம். அன்றைக்கு ஒரு கையில் கடலை மிட்டாய், இன்னொரு கையில் நிலப் பத்திரம். சண்டை இல்லை என்று புரிந்துவிட்டது.

"ஏல தம்பி, ஒன் மருமகன் பைலட்டுக்குப் படிக்கப் போறானாம். ரோட்டு மேல கெடக்க நாலு ஏக்கர வச்சு லோன் போட்டுக் குடு."

எங்க ஊர் கோவில்பட்டிக்கும் ஏரோப்ளேனுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வெளியே மில்லுக்காகப் போட்ட பழைய ஓடுதளம் ஒன்று உண்டு. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்ததும் எடுத்தது, டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் பைலட்! ஆனால் மருமகன் உள்ளூர் ஓடுதளத்தை நம்பவில்லை. சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்திருந்தான்.

அந்தப் புண்ணியவான் கொடுத்த திட்டம் இதுதான். வெளிநாட்டில் பயிற்சி. லைசென்ஸ் கையில் வந்ததும் பெரிய ஜெட் விமானம் ஓட்டத் தனிப் பயிற்சி. அதற்குப் பெயர் 'டைப் ரேட்டிங்'. பிறகு அங்கேயே ஒரு கம்பெனியில் 500 மணி நேரம் துணை பைலட் வேலை. மொத்தம் 65 லட்சம். முதல் வருஷச் சம்பளம், ரூபாயாக்கினால் மாதம் 90,000 சொச்சம்.

"டாலர்ல சம்பளம் மாமா!" என்றான் மருமகன். கண்ணில் மேகம் மிதந்தது.

பேங்க் குமாஸ்தாவுக்குக் கனவு வராது, கணக்குதான் வரும். படிப்புக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் ஈடு கேட்போம். (ஏழரையைத் தேர்ந்தெடுத்த மகானுக்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்!) 65 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை. கால்குலேட்டரைத் தட்டினேன். மாதம் 89,500 ரூபாய்.

"மாப்ளே, தொண்ணூறாயிரம் கடனுக்கு. சொச்சம்தான் ஒனக்குச் சோத்துக்கு."

அவன் சிரிக்கவில்லை. அக்கா என்னை முறைத்தாள்.

அவனிடம் ஒரு பழைய விபத்தைச் சொன்னேன். 2009 பிப்ரவரி 12. அமெரிக்காவில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் செத்தார்கள். பைலட்டுகளின் தவறுதான் காரணம் என்றது விசாரணை. அதில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. துணை பைலட் 24 வயதுப் பெண். வருஷச் சம்பளம் ஏறக்குறைய 16,000 டாலர். வேலை பார்த்த ஊரில் வீடு எடுக்காமல், நாட்டின் மறுகோடியிலே பெற்றோர் வீட்டில் இருந்தாள். ராத்திரி முழுக்க விமானம் மாறி மாறி வந்து, அந்தத் தூக்கக் கலக்கத்தோடு டியூட்டியில் ஏறியவள். டாலர் சம்பளம்தான், மாப்ளே!

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே அமெரிக்காவில் 2013-ல் துணை பைலட்டுக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று சட்டம் வந்தது. 2022-ல் ஆள் தட்டுப்பாடு. சில சின்னக் கம்பெனிகள் தொடக்கத்திலேயே மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன. ஆக, வானம் எப்போதும் இருட்டாகவே இருக்காது. நம்ம நாட்டிலும் பாருங்கள். 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023-ல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அதே 2023-ல்தான் இண்டிகோ 500 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது! நம்ம மானாவாரி மாதிரிதான். ஒரு வருஷம் கொட்டும், ஒரு வருஷம் காயும்.

எனக்கு உறுத்தியது சம்பளம் குறைவு என்பது இல்லை. என் முதல் சம்பளத்தைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் நான் வேலை பார்க்க பேங்குக்குப் பணம் கட்டவில்லை! இங்கே 500 மணி நேரத்தை விலைக்கு வாங்குகிறோம். சம்பளம் என்று வருவது, நாம் கொடுத்த காசில் கொஞ்சம் திரும்பி வருவது. 501-வது மணி நேரம் என்ன ஆகும்? ஏஜென்ட்டுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"அது கம்பெனியின் தேவையைப் பொறுத்தது சார்" என்றார்.

அடுத்த பையன் 65 லட்சத்தோடு வாசலில் நிற்கும்போது, கம்பெனிக்கு இவன் எதற்குத் தேவை?

இதையெல்லாம் சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் வாழ்க்கையில் எடுத்த பெரிய ரிஸ்க், ஒருதரம் டிக்கெட் இல்லாமல் சாத்தூர் வரை ரயிலில் போனது. அப்படிப்பட்டவன் ஒரு பையன் பறப்பதைத் தடுக்கலாமா?

மறுநாள் அத்தான் வந்தார். எட்டாம் கிளாஸ். அதுவரை வாயே திறக்காதவர்.

"மாப்ள, நான் புழுதியில வெதைக்கிறவன். மழை வரும்னு நம்பித்தான் காஞ்ச மண்ணுல வெதையப் போடுதேன். வராமப் போனா எறும்புக்கும் குருவிக்கும்தான். அதுக்காக வெதைக்காம இருக்க முடியுமா? ஆனா குலுக்கையில இருக்க மொத்த வெதையையும் ஒரே நாள்ல கொண்டு போயிக் கொட்ட மாட்டேன். மறு வெதைப்புக்குன்னு பாதி வீட்டுலதான் கெடக்கும்."

பேங்கில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் கற்காத பாடம்!

அன்றைக்கே மூன்று பேரும் உட்கார்ந்து வரிசை போட்டோம். முதலில் மெடிக்கல். இரண்டாவது, டி.ஜி.சி.ஏ. பரீட்சைகள்: நேவிகேஷன், வானிலை, விமான விதிகள். இதற்கு ஆகும் செலவு லட்சக் கணக்கில் சின்ன எண்தான். இரண்டும் தேறினால், லைசென்ஸுக்கு வேண்டிய 200 மணி நேரத்தை உள்நாட்டிலேயே பறக்கலாம். அதுவே 50 லட்சத்தைத் தொடும். அதனால் மொத்தமாகக் கட்டாமல் தவணையில் கட்டு என்பது என் ஷரத்து. நாலில் இரண்டு ஏக்கரை மட்டும் தொடலாம். மிச்சத்துக்கு அவன் ஸ்காலர்ஷிப்பும் கடனும் தேட வேண்டும் என்பது அத்தானின் ஷரத்து. வேலைக்காகக் கம்பெனிக்குக் காசு கட்டுவதில்லை என்பது மருமகன் தானாகவே சொன்னது. அதைக் கேட்டபோதுதான் இவன் தேறுவான் என்று எனக்குத் தோன்றியது.

முதல் மெடிக்கல் பாஸ். இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து வானிலைப் பாடம் படிக்கிறான். மேகத்தில் எத்தனை வகை என்று அவன் உரக்கப் படிப்பதைக் கேட்டு, கீழேயிருந்து அத்தான் குரல் கொடுக்கிறார்:

"ஏல, வகையெல்லாம் கெடக்கட்டும். நம்ம காட்டுல எந்த மேகம் பெய்யும்? அதச் சொல்லு மொதல்ல!"